கறியில ஏதுப்பா சர்க்கரை?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸ் மீட்டிங் முடியவே ஏழு மணி. ஃப்ரிட்ஜில் பார்பிக்யூ மசாலா தடவிய கொத்துக்கறி பாக்கெட் இருந்தது. வதக்கி, பன்னுக்குள் வைத்து, மேலே இரண்டு டேபிள்ஸ்பூன் சாஸ் ஊற்றிக் கொடுத்தேன். ஏழு வயது மகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். புரோட்டீன் போச்சே, அது போதும்னு நினைத்தேன்.

அப்பா எங்களோடு ஹூஸ்டனில்தான் இருக்கிறார். இருபது வருஷமாக சர்க்கரை. எதையும் லேபிள் பார்க்காமல் தொடமாட்டார். "இதுல சக்கரை எவ்வளவுடா?" என்றார்.

"கறியில ஏதுப்பா சர்க்கரை?"

"பாக்கெட்டைத் திருப்பிப் பாரு."

பார்த்தேன். ஒரு பங்கு என்பது 112 கிராம். அதில் புரோட்டீன் 19 கிராம், நல்ல விஷயம். ஆனால் சோடியம் 560 மில்லிகிராம், சேர்த்த சர்க்கரை 6 கிராம். மகள் சாப்பிட்டது ஒன்றரைப் பங்கு. பன், சாஸ் எல்லாம் கூட்டினால் சோடியம் 1,340, சர்க்கரை 24 கிராம். அதாவது ஆறு டீஸ்பூன். இந்த வயதுக்கு ஒரு நாள் முழுவதற்குமான சோடியம் வரம்பே 1,500 தான். சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். ஒரே வேளையில் இரண்டும் கிட்டத்தட்ட தீர்ந்துபோச்சு.

நம் குடும்பங்களில் இதைச் சாதாரணமாக விட முடியாது. பெரியவர்களில் மற்றவர்களுக்கு பி.எம்.ஐ. 25 என்றால், ஆசியர்களுக்கு 23-லேயே சர்க்கரை நோய்க்குச் சோதிக்கச் சொல்கிறார்கள். அப்பாவைத் தினமும் பார்க்கிறேன்; எனக்குப் புள்ளிவிவரம் வேண்டாம்.

இப்போது மசாலா போடாத, 93 சதவீதம் கொழுப்பில்லாத வான்கோழிக் கொத்துக்கறி வாங்குகிறேன். ஒரு பவுண்டுக்கு வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, புகை வாசனைக்கு ஸ்மோக்ட் பாப்ரிகா. உப்பு அரை டீஸ்பூன்தான். நாலு பேருக்குப் பிரித்தால், உப்பிலிருந்து ஆளுக்குச் சுமார் 290 மில்லிகிராம் சோடியம். அரைத்த கறியில் கிருமி உள்ளேயும் கலந்திருக்கும் என்பதால், தெர்மாமீட்டர் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும்வரை அடுப்பை அணைப்பதில்லை. கடைசியில் அவள் தட்டில் மட்டும் ஒரு டீஸ்பூன் சாஸ்.

"இது அது மாதிரி இல்லப்பா" என்றாள் முதல் நாள். உண்மைதான், இல்லை. இப்போது பழகிவிட்டாள். ஆனாலும் பாக்கெட்டைக் கேட்கத்தான் செய்கிறாள். மாதம் ஒருமுறை வாங்கித் தருகிறேன். அன்றைக்கு சாஸ் கிடையாது. லேபிளை அவளே தாத்தாவுக்கு வாசித்துக் காட்டணும்.