ஆல்கலைன் தண்ணீரும் உன் ஊசியும்

குமாரபாளையம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. அப்பாதான் பாவு வராமல் தறி நின்றதிலிருந்து முகம் வாடிக் கிடக்கிறார். ஆடி பதினெட்டுக்கு நீ வந்தால் சரியாகிவிடுவார்.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை கண்ணு. ஆல்கலைன் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் அமிலம் குறையும், இன்சுலின் ஊசியையும் மெல்லக் குறைக்கலாம் என்று ரூமில் யாரோ சொன்னார்களாமே. தண்ணீரை வேண்டுமானால் குடி. ஊசியில் கை வைத்தாய் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே சென்னைக்கு வந்து நிற்பேன்.

உன் மாமா வேலை பார்க்கும் சாயப்பட்டறையில் பார்த்திருக்கிறாயே, சோடா போட்டுச் சாயம் ஏற்றிய நூலை ஆசிட் விட்டு அலசுவார்கள். அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் நூல் தாங்கும். ரத்தம் தாங்காது. அதன் பி.ஹெச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். நாம் தின்பதும் உழைப்பதும் ஓயாமல் அமிலத்தை உண்டாக்கும். ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அதை உடனே பிடித்துக் கரியமில வாயுவாக்க, நுரையீரல் மூச்சில் தள்ளிவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் கழித்து, செலவான பைகார்பனேட்டையும் புதிதாகச் செய்து தரும். அதற்கு நாள் பிடிக்கும். நீ குடிக்கிற தண்ணீரின் காரம் வயிற்று அமிலத்திலேயே அடங்கிவிடும். மீறிப் போவதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

உனக்கு அமிலம் ஏறினால் அது இன்சுலின் இல்லாததால் ஏறுவது. சர்க்கரை ரத்தத்தில் நிறையக் கிடந்தும் செல்லுக்குள் போகாது. உடம்பு கொழுப்பைக் கரைக்க, கல்லீரல் கீட்டோன் அமிலங்களாகக் கொட்டும். பைகார்பனேட் தீர்ந்துபோகும். ஒன்பதாவது படிக்கும்போது வாந்தி, வயிற்றுவலி என்று ஆரம்பித்து, ஓடி வந்தவன் மாதிரி ஆழ ஆழ மூச்சு வாங்கினாயே, நுரையீரல் அமிலத்தை வெளியேற்றப் பட்ட பாடு அது. 1874-லேயே குஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர் அந்த மூச்சைப் பற்றி எழுதினார். அப்போதெல்லாம் அப்படி மூச்சு வாங்கியவர்கள் பிழைப்பதே அரிது. 1922 ஜனவரியில்தான் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற பையனுக்கு முதல்முதலாக இன்சுலின் போட்டார்கள். அவனுக்கு வயசு 14. ஒன்பதாவதில் உனக்கும் அதே வயசு. உன்னையும் மீட்டது ஊசியும் சலைனும்தான் சாமி.

ஒன்று மறைக்காமல் சொல். தறி நின்றதை நினைத்துத்தான் மருந்தை இழுத்து இழுத்துப் போடுகிறாயா? அங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலினுக்குக் காசு வாங்குவதில்லை; வரிசையில் நிற்கக் கூச்சப்படாதே. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காவிட்டாலும் ஊசியை நிறுத்தக் கூடாது, அளவை மட்டும் டாக்டரிடம் கேள். கீட்டோன் பார்க்கிற ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கி வை. வாந்தி நிற்காமல் மூச்சும் வாங்கினால் விடியட்டும் என்று படுத்திருக்காதே, 108-க்குக் கூப்பிடு.

கடிதம் கிடைத்த அன்றைக்கே எத்தனை பாட்டில் மருந்து மிச்சம் இருக்கிறது என்று எனக்குப் போன் போடு. பணம் மாமா அனுப்புவார். அப்பாவிடம் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா