புனையா ஓவியம்

பாட்டையும் படத்தையும் ‘எழுதுதல்’ என்னும் ஒரே வினையாற் குறித்தல் நம் மொழியின் பழைய வழக்கு. ஆதலின் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம், பாடக் குறிப்பின் ஓரங்களிலே படமும் எழுதிவருவதை இரு வேறு தொழிலாக எண்ணியதில்லை. ஆண்டவர் குனிந்து மண்ணில் விரலால் ஏதோ எழுதிய செய்தி யோவான் சுவிசேஷத்தில் வருகின்றது. அது எழுத்தோ சித்திரமோ, யாரே அறிவார்!

நெடுநல்வாடையைப் பாடங்கேட்டபொழுது ‘புனையா ஓவியம்’ என்னும் தொடரில் எம் உள்ளம் நின்றுவிட்டது. வண்ணந் தீட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் சித்திரத்திற்கு அது பெயர். கணவன் பாசறையிலிருக்க, அணிகளைக் களைந்து வாடியிருக்கும் அரசியை நக்கீரர் அத்தகைய சித்திரத்தோடு ஒப்பிடுகின்றார். மணிமேகலையிலும் இத்தொடர் உண்டு. வண்ணமில்லாத கோட்டுக்கென்று தனியே ஒரு பெயர் வைத்திருந்த மக்கள், அக்கோட்டைத் தனியே பார்த்து மகிழ்ந்தும் இருப்பார்கள் என்றே யாம் கருதுகின்றோம். கதைகளுக்குப் படமெழுதும் சித்திரக்காரராக வேண்டுமென்னும் ஆசை எமக்கு அன்று உறுதிப்பட்டது.

அத்தொழிலைப் பற்றி விசாரிக்கப் புகுந்து யாம் அறிந்தவற்றுள் ஒன்று மிகவும் சுவையுடையது. ஈய எழுத்துக்களை அடுக்கி அச்சிட்ட காலத்தில், துத்தநாகத் தகட்டிற் செய்த கோட்டு ‘பிளாக்’ கருமையையும் வெண்மையையுமே அறியும். இடைப்பட்ட சாயலை அறியாது. நிழல் வேண்டுமாயின் மெல்லிய கோடுகளை நெருக்கியும் குறுக்கிட்டும் இழுப்பதே வழி. ஆனந்த விகடனில் மாலி, சில்பி, கோபுலு முதலியோர் காட்டிய கைத்திறன் இக்கட்டுப்பாட்டினுள் வளர்ந்ததாகும். சில்பியோ கோயில்களுக்கு நேரிற் சென்றமர்ந்து, கல்லின் குளிர்ச்சியும் தோன்றும்படி சிலைகளை எழுதினார்.

எமது பயிற்சிக்கூடம் இருப்புப்பாதையே. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குச் செல்லும் வண்டியிலும், ஐந்து திசைப் பாதைகள் கூடும் விழுப்புரம் சந்திப்பிலும் ஆட்களுக்குக் குறைவில்லை. மூட்டையைத் தலையணையாக்கி உறங்குவோரே எமக்கு உகந்தவர்கள். விழித்திருப்போர் தம்மை எழுதுவதைக் கண்டதும் மீசையைத் திருத்திக்கொள்கின்றனர். முதலிற் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கட்டைவிரலளவில் உருவத்தின் மொத்த அமைப்பை மட்டும் குறித்துக்கொள்வோம். வீட்டிற்கு வந்து அதனைப் பென்சிலாற் பெரிதாக்குவோம். பின்னர்த் தொடுபேனாவைக் கருமையிற் தோய்த்து, பாரம் விழும் இடத்திற் கோட்டைத் தடிப்பாகவும், ஒளி விழும் இடத்தில் மெலிதாகவும், சிற்சில இடங்களில் அறுத்தும் விடுவோம். மை உலர்ந்த பின்னரே ரப்பர். தலைச்சுமையோடு நின்ற மூதாட்டி ஒருவரின் கழுத்தை எழுதியபொழுதுதான், சுமையைத் தாங்குவது தலையன்று, இடுப்பும் குதிகாலுமே என்பது எமக்கு விளங்கியது. அதற்கு முன் அவரைப்போல் நூறு பேரைக் கண்டிருக்கின்றோம்.

“ஒரு வாக்கியத்தைத் தட்டெழுதினாற் கணினியே நொடியிற் படம் தருகின்றதே! இவ்வளவு பாடு எதற்கு?” என்று எம் அறைத்தோழர் வினவினார். கேள்வி நியாயமானதே, அச்சிடுவோரும் இனி அதனையே கேட்பர். பிழைப்பைப் பற்றிய அச்சம் எமக்கும் இல்லாமலில்லை. யாம் விடை கூறாது, மனோகர் தேவதாஸ் எழுதிய மதுரைச் சித்திரங்களை அவர்முன் விரித்து வைத்தோம். 1936இல் மதுரையிற் பிறந்து அமெரிக்கன் கல்லூரியிற் பயின்றவர் அவர். பார்வையின் வட்டம் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே போகும் விழித்திரை நோய் அவரைப் பற்றியது. அதன் பின்னரும் மீனாட்சியம்மன் கோயிலையும் யானைமலையையும் நுண்ணிய பேனாக்கோடுகளால் எழுதிக்கொண்டேயிருந்தார். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். கண் தப்பவிட்டதைக் கை தேடிப் பிடித்தாற்போன்ற அக்கோடுகளைத் தோழர் நெடுநேரம் நோக்கினார். “இதற்கு எத்தனை நாள் ஆயிருக்கும்?” என்றுமட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு, விழுப்புரத்திற்கு வடமேற்கிலுள்ள பனைமலைக்குச் சென்றோம். ஏரிக்கரையை அடுத்த குன்றின்மேல், இராசசிம்ம பல்லவன் 1300 ஆண்டுகளுக்கு முன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. அங்குச் சிறுகோயில் ஒன்றின் சுவரில் முடி தரித்த தேவி, குடையின்கீழ் ஒரு காலை மடித்து நின்று இறைவனது நடனத்தைக் காண்கின்றாள். நடனமாடும் இறைவன் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. தேவியின் வண்ணமும் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆயினும் சாய்ந்த முகத்தையும் மடிந்த காலையும் சுற்றியோடும் கோடு இன்னும் நிற்கின்றது. அம்முழங்காலின் வளைவை யாம் ஏழு முறை எழுதினோம். ஏழாவதும் அதனை எட்டவில்லை. தோழர் எம் பென்சிலை வாங்கித் தாமும் ஒருமுறை முயன்று, சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கீழ்வாலைப் பாறைகளில் வரலாற்றுக்கு முற்பட்டோர் செங்காவியால் எழுதிய உருவங்கள் உள. விடுமுறையில் அங்குச் செல்வதாக இருக்கின்றோம். தோழர் தமக்கென ஒரு வரைதாட் சுவடி வாங்கிவைத்திருக்கின்றார்.