பதினான்காவது பெயர்



நம்ம கோயில் திருமுறை வகுப்புப் பிள்ளைகள் பாடிய தேவார இசைத்தட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை பூசைக்குப் பிறகு வெளியாகிறது. அதற்கு முன்னாடி ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடணும். பின் அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏன் என்று பலர் கேட்பீங்க. அது என்னால் வந்தது.

பதினான்கு பிள்ளைகள், ஒன்பது பதிகம். வகுப்பறையிலேயே, காத்தாடியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம். அட்டை, சுவரொட்டி, புலனத்தில் அனுப்பும் படம் எல்லாம் என் பொறுப்பு. "இந்தக் காலத்துல சிடி யாருண்ணே கேக்கறா?" என்று பிள்ளைகளே சிரித்தார்கள். ஆனா நம்ம தாத்தா பாட்டிமார் காடியில் இன்னும் சிடிதான் ஓடுது. மற்றவங்களுக்கு அட்டையிலேயே கியூஆர் கோடு இருக்கு.

முதலில் முன் அட்டைக்கு நடராசர் படம் வைத்தேன். நல்லாத்தான் இருந்தது. அதைப் பார்த்த மூத்த தொண்டர் ஒருத்தர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, இது நாளைக்குக் காடியில காலடியில கெடந்தா யாரு பதில் சொல்றது?" தைப்பூசம் முடிந்த மறுநாள் குப்பை பொறுக்கப் போன எல்லாருக்கும் அந்தக் கேள்வி புரியும். சாமி படம் போட்ட எத்தனை நோட்டீசைத் தரையிலிருந்து எடுத்திருக்கோம்! படத்தை மாற்றினேன். இப்போ அட்டையில் இருப்பது தாளம் பிடித்த ஒரு பிள்ளையின் இரண்டு கை மட்டும். சுவரொட்டியிலும் அதேதான்.

பின் அட்டையில் ஒவ்வொரு பதிகத்துக்கும் எதிரே பண்ணும், அதற்கு நேரான ராகமும் போட்டோம். டீச்சர் பிடிவாதமாக இருந்தாங்க. நட்டபாடை என்றால் கம்பீரநாட்டை, பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணம், கொல்லி என்றால் நவரோசு. பதினைந்து வருஷமா இந்தக் கோயிலில் தேவாரம் கேட்கிறேன், எனக்கே இது தெரியாது.

அடுத்தது அச்சகம். திரையில் பளிச்சென்று இருந்த குங்குமச் சிவப்பு, மாதிரி அச்சில் காய்ந்த மிளகாய் நிறமாக வந்தது. அதையாவது சரி பண்ணலாம். தமிழ் எழுத்துதான் உடைந்து போச்சு. 'கோளறு பதிகம்' என்று நான் அனுப்பியது, அவங்க கணினியில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகத் திறந்தது. எழுத்துகளை எல்லாம் படமாக, அதாவது அவுட்லைனாக மாற்றிக் கொடுங்க என்றார்கள். அப்படி மாற்றிவிட்டால் எழுத்து எங்கே திறந்தாலும் உடையாது. ஆனா அதற்குப் பிறகு அது எழுத்தே இல்லை, வெறும் கோடு. தட்டச்சு செய்து திருத்தவும் முடியாது, தேடிப் பார்க்கவும் முடியாது.

மாற்றி முடித்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு, நன்கொடை கொடுத்த ஒருத்தருடைய சின்னம் வந்தது. காலையில் அச்சு. அவசரத்தில் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே அதை வைத்து அனுப்பிவிட்டுப் படுத்துட்டேன். அந்தச் சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அட்டையும் வெள்ளை. அதனால் கட்டம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டியலின் கடைசிப் பெயர் அதற்கு அடியில் மறைந்து போனதும் தெரியவில்லை.

முந்நூறு அட்டை வந்து இறங்கியது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, ஞாயிறு தவறாமல் பேரனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே வந்தார். பதின்மூன்றாவது பெயரில் விரல் நின்றது. மறுபடியும் மேலே போய் ஆரம்பித்தார்.

"எம்பேரன் பேரு எங்க தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாட்டியே சொன்னார்: "பரவால்ல விடுங்க. சாமிக்குத் தெரியும்ல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திருமுறைகளுக்குப் பண் வகுத்த கதையை நம்ம வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறாங்க. ராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபோது, பண் தெரியாமல் எருக்கத்தம்புலியூருக்குப் போய், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்கள் என்பது திருமுறை கண்ட புராணம். இன்றைக்கும் வகுப்பில் 'பாணர் மரபில் வந்த ஒரு பெண்' என்றுதான் சொல்கிறோம். அன்று ராத்திரி எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான். தேவாரம் பாடினவங்க பெயர் விட்டுப் போவது புதுசு இல்லை. ஆனா இந்தத் தடவை விட்டது நான்.

மறு அச்சுக்குக் காசு இல்லை. அந்த ஒரு பெயரை மட்டும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டலாம் என்று ஒருத்தர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அவன் பெயர் மட்டும் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். பதினான்கு பெயரையும் ஒரே ஸ்டிக்கராக அடித்தோம். நன்கொடையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். "முதல்ல பிள்ளைங்க, என் சின்னத்தைச் சின்னதாக்கி ஓரத்துல வைங்க" என்றார். இந்தத் தடவை அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தாளில் தன் பெயரைத் தானே படித்துப் பேனாவால் சரி போட்டார்கள். இதை முதலிலேயே செய்திருக்கணும்.

வெள்ளிக்கிழமை அன்னதான மண்டபத்தில் உட்கார்ந்து முந்நூறையும் ஒட்டினோம். பையனும் வந்தான். ஒன்றும் பேசவில்லை. மைலோ குடித்துவிட்டு, எண்பது தொண்ணூறு அட்டை ஒட்டினான். சிலது கோணலாக இருக்கும். உங்கள் கைக்குக் கோணல் ஸ்டிக்கர் கிடைத்தால் அது அவன் ஒட்டியதாக இருக்கலாம்.

ஒன்று பத்து வெள்ளி. வரும் பணம் வகுப்புக்குப் புது ஆர்மோனியம் வாங்க. ஞாயிறு குடும்பத்தோடு வாங்க. வாங்கியதும் பின் அட்டையைத் திருப்பி, பதினான்கு பெயரையும் ஒருமுறை படிச்சிடுங்க.

திருச்சிற்றம்பலம்.