லைட் எரியுது, மெஷின் ஸ்டார்ட் ஆகுதில்ல



விதைப்புக் காலம் வந்தால் எங்கட கிளிவெட்டிப் பக்கம் வட்டைக்கு வட்டை கேட்கிற கதை இது: "லைட் நல்லா எரியுது, ஹோனும் அடிக்குது, ஆனா மெஷின் ஸ்டார்ட் ஆகுதில்ல." அடுத்த பேச்சு புதுப் பெட்டரிதான். கையில் காசு இல்லாட்டி நகை ஈட்டுக்குப் போகும். வாய்க்காலில் தண்ணி வந்த பிறகு உழவு இரண்டு நாள் பிந்தினாலும் நட்டம் நமக்குத்தான். அதனால் பெட்டரி வாங்குமுன் பார்க்க வேண்டியதை எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கிற ஓமின் விதிதான் இது.

முன் லைட் இரண்டுக்கும் சேர்த்து 10 அம்பியர் அளவு போதும். ஸ்டாட்டர் மோட்டருக்கு 200 அம்பியர், சில நேரம் அதற்கு மேலும் வேண்டும். வயர் பூட்டும் இடத்தில் துரு பிடித்து வெறும் 0.01 ஓம் தடை வந்ததாக வையுங்கள். லைட்டுக்குப் போகும் வழியில் இழப்பு 0.1 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. ஸ்டாட்டருக்கோ 200 ஐ 0.01 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2 வோல்ட் அந்த மூட்டிலேயே போய்விடும். ஆகவே லைட் எரிவது நற்சாட்சிப் பத்திரம் இல்லை.

மெஷினை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் போட்டு, லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கி அணைந்தால் பெட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மூட்டுப் பிழை. லைட்டும் மாறாமல், 'டிக்' சத்தமும் வராமல் இருந்தால் சாவி சுவிட்ச், பியூஸ், நியூட்ரல் சுவிட்ச் பக்கம் பாருங்கள்.

ஒரு சாதாரண மீற்றர் இருந்தால் இன்னும் லேசு. இரவு முழுக்க நின்ற மெஷினில் பெட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைய இருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். அடுத்தது ஏர்த். மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸிலும் மற்றதை இஞ்சின் உடம்பிலும் பிடியுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிழை ஏர்த் வயரில்தான். போன கரண்ட் திரும்பி வர வேண்டும். பிளஸ் வயரை எல்லாரும் பார்க்கிறோம், சேற்றுக்குள் கிடக்கும் ஏர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை.

கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். அரத்தாளால் மினுங்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பெட்டரிக்குக் கிட்ட பீடி, நெருப்பு வேண்டாம். அதிலிருந்து ஐதரசன் வாயு வரும். பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றவும் வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் வயர்தான் எரியும்.

ஸ்டார்ட் ஆன பிறகு பெட்டரியில் 14 வோல்ட் அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். அதை விட்டுவிட்டுப் புதுப் பெட்டரி போட்டால் அதுவும் இறங்கிவிடும்.

இதே ஏர்த் பிழையால்தான் பெட்டியின் பின் லைட்டும் அடிக்கடி அணைகிறது. பல பெட்டிகளில் லைட்டுக்கு ஒரு வயர்தான் போகும். கரண்ட் திரும்புவது பெட்டியை மாட்டும் பின் வழியாக. அந்தப் பின்னில் துருவும் கிரீஸும் சேறும். குழியில் விழுந்தெழும்பினால் லைட் விட்டுவிட்டு எரியும், பிறகு எரியாது. மெஷினிலிருந்து பெட்டிக்குத் தனியாக ஒரு ஏர்த் வயர் இழுத்தால் வேலை முடிந்தது.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருமலை - மட்டக்களப்பு வீதியில் பாதைக்குக் காத்திருந்த காலம் போய், வாகனம் கூடிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. லைட் இல்லாத பெட்டி, இருட்டில் மோட்டர் சைக்கிளில் வருகிற பிள்ளைக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். விதைப்புக்கு இறங்குமுன் பெட்டி வைத்திருக்கிற எல்லாரும் அந்த ஒரு வயரைப் போட்டுவிடுங்கள்.

மீற்றர் இல்லாதவர்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு சொல்லியனுப்புங்கள். கொண்டு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.