மஞ்சள் ரயிலில் இரண்டு தாத்தாக்கள்

காலை ஆறரை மணி. பல்கூடத் தேய்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, தத்காலா? எந்த ஊருக்கு?" என்றாள் மனைவி, காபியோடு.

"டோக்கியோவுக்கு!"

கிட்டத்தட்ட தத்கால்தான். டோக்கியோ பக்கத்தில் மிடாகா என்று ஓர் ஊர். அங்கே ஜிப்லி மியூசியம் இருக்கிறது. 'ஸ்பிரிட்டட் அவே' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய ஹயாவோ மியாசாகி, தானே திட்டம் போட்டு 2001-ல் திறந்த இடம். நேரே போய் கவுன்ட்டரில் கை நீட்டினால் டிக்கெட் கிடையாது. மாதம் பிறந்து 10-ம் தேதி காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்து டிக்கெட்டுகளை விற்கிறார்கள். அவர்களுக்குப் பத்து என்றால் நமக்கு ஆறரை. டிக்கெட் ஆயிரம் யென். கிடைத்தது!

"ஆயிரம் ரூபாய் மியூசியத்துக்கு, லட்ச ரூபாய் செலவு பண்ணிப் போறீங்க!" என்றாள்.

"ரூபாய் இல்லம்மா, யென்... அதைவிடக் கம்மி."

"அப்ப இன்னும் மோசம்!"

இந்தப் பைத்தியம் எனக்கு 1993-ல் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' வரும். இந்தி ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் இட்லி ஆற ஆற வாயைப் பிளந்து பார்ப்பேன். பிறகு கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் பகீரா. அப்பா ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏன்டா, இந்தச் சிறுத்தை உனக்குச் சோறு போடுமா?" என்றார்.

போட்டது. விளம்பரக் கம்பெனியில் ஓவியனாக வேலை, மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் சிறுத்தை போட்ட சோறு. அந்தத் தொடரை எடுத்தவர்கள் ஜப்பான்காரர்கள் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலீஷ்காரர் எழுதிய இந்தியக் காட்டுக் கதை, படம் வரைந்தது ஜப்பான், பேச்சு இந்தி, பார்த்தது நான்!

சரி, நாற்பது வயசுக்கு மேல் திடீரென்று எதற்கு டோக்கியோ? ஆபீஸில் ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினார். பத்தே விநாடியில் நாலு படம் வந்து நின்றது.

"இனிமே உங்களுக்கு வேலை ரொம்ப ஈஸி சார்!" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்த 'ஈஸி'தான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. கையால் வரைவதற்கு இனிமேல் அர்த்தம் உண்டா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போல் இருந்தது. லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நிஷி-கசாய் என்ற பகுதியில் நம்மூர் ஐ.டி. பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே கல்லூரி நண்பன் வீட்டில் டேரா. அவன்தான் ரயில் மேப்பை விரித்து ஒரு மஞ்சள் கோட்டைக் காட்டினான். சூவோ-ஸோபு லைன்.

"மச்சி, இந்த ஒரே ரயில்ல உன் ஆளுங்க ரெண்டு பேருமே இருக்காங்க. கிழக்கே ரியோகோகுல ஹோகுசாய். மேற்கே கடைசி ஸ்டேஷன் மிடாகா, அங்க மியாசாகி. தூங்கினாக்கூட இறங்குற இடம் தப்பாது!"

ரியோகோகு, சுமோ மல்லர்களின் பேட்டை. ஸ்டேஷனிலேயே மல்லர்களின் கைத்தடங்களை வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பக்கத்தில் என் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில், 2016-ல் திறந்த சுமிதா ஹோகுசாய் மியூசியம். பெயர் தெரியாவிட்டாலும் ஆளை உங்களுக்குத் தெரியும். டீ ஷர்ட்டிலும் மொபைல் கவரிலும் பார்ப்பீர்களே, நகம் நீட்டியது மாதிரி ஒரு பேரலை, தூரத்தில் குட்டியாக ஃபியூஜி மலை... அதை வரைந்தவர். 1760-ல் இந்தப் பேட்டையிலேயே பிறந்தவர். அந்த அலையை வரைந்தபோது வயது எழுபதை ஒட்டி! எழுபது வயசுக்கு முன்னால் தான் வரைந்தது எதுவுமே உருப்படியில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நூற்றுப்பத்து வயசில், தான் வைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் உயிர் இருக்கும் என்றும் சொன்னார். அதாவது, மனிதருக்கு புரொபேஷன் முடிந்ததே எழுபதில்!

1814-லிருந்து 'மங்கா' என்று வரைபடப் புத்தகங்கள் போட்டார். மொத்தம் 15 தொகுதி. குளிப்பவர், குஸ்தி போடுபவர், மீன், பேய், பூச்சி என்று சுமார் 4,000 படங்கள். 1815-ல் தனியாக ஆடக் கற்றுக்கொள்ள ஒரு நடனப் புத்தகமும் போட்டார். ஓர் ஆள் கையைத் தூக்குகிறான். அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம். அடுத்ததில் கால் மாறுகிறது. கார்ட்டூன் படம் என்கிற சங்கதி பிறப்பதற்குப் பல பத்தாண்டு முன்னால், மனிதர் பேப்பரில் ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருக்கிறார்.

அங்கே ஒரு மூலையில் ஆளுயரப் பொம்மைகள். எண்பதைத் தாண்டிய கிழவர், முதுகில் போர்வையோடு தரையில் கவிழ்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். சுற்றிலும் குப்பை. பக்கத்தில் அவர் மகள் ஓயி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளும் ஓவியர்தான். பொம்மை என்று தெரிந்தும், குறுக்கே போய் நின்று வெளிச்சத்தை மறைக்கக் கூடாதே என்று நகர்ந்து நின்றேன்.

மறுபடி மஞ்சள் ரயில். வழியில் நகானோவில் இறங்கினேன். நகானோ பிராட்வே என்ற பழைய காம்ப்ளெக்ஸில், பழைய கார்ட்டூன் படங்களின் 'செல்' விற்கும் கடைகள் உண்டு. செல் என்றால் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயின்ட். கோடு அழியக் கூடாதில்லையா, அதற்குத்தான் பின்பக்கம். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பெயின்ட் திட்டுத் திட்டாக, யாரோ அவசரத்தில் பூசிய தடத்தோடு இருந்தது. முன்பக்கம் திருப்பினால் பளிச்சென்று ஒரு பெண் சிரிக்கிறாள்!

மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997) படத்துக்கு இந்த மாதிரி சுமார் 1,44,000 செல்கள். விலைச் சீட்டைப் பார்த்தேன். சென்னையில் ஒரு மாத வீட்டு வாடகை. பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

மிடாகா. கால்வாய் ஓரமாக, மர நிழலில் கால் மணி நேர நடை. மியூசியம் வாசலில் ஒரு டிக்கெட் கூண்டு. கூண்டுக்குள்ளே ஆள் இல்லை. பெரிய டோட்டோரோ பொம்மை உட்கார்ந்து முழிக்கிறது. நிஜ வாசல் தள்ளி இருக்கிறது. அங்கே கொடுத்த டிக்கெட்டில் நிஜமான சினிமா ஃபிலிம் துண்டு! என்னுடையதில் மூன்று படம். விநாடிக்கு 24 படம் என்றால், என் பங்கு எட்டில் ஒரு விநாடி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தது... தலைமுடி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது.

உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. மொபைலை உள்ளே வைத்ததும் முதல் அஞ்சு நிமிஷம் கை அரித்தது. அப்புறம்தான் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற அம்புக்குறி எதுவும் கிடையாது. பூனை பஸ் ஒன்று நிற்கிறது, மெத்து மெத்தென்று. ஆசையாகப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம்! மாடித் தோட்டத்தில் 'லபுட்டா' படத்து ரோபோ நிற்கிறது, சுமார் அஞ்சு மீட்டர் உயரம். அங்கே போட்டோவுக்குத் தடையில்லை என்பதால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கியூ.

என்னை நிறுத்தியது ஒரு சின்ன அறை. ஒரு படம் எப்படிப் பிறக்கிறது என்று காட்டும் இடம். ஓவியர் இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போன மாதிரி மேஜை. சுவர் கொள்ளாமல் படங்கள். ஒரு ஜாடி நிறையப் பென்சில் துண்டுகள். விரலால் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்தவை.

மியாசாகி பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும்போது 'வெள்ளைப் பாம்பு' (1958) என்ற படம் பார்த்தார். சீனக் கதை, ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன். கதாநாயகிமேல் காதலே வந்துவிட்டதாம். கோடும் பெயின்ட்டுமான ஒரு பெண்மேல்! 82 வயசில் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' (2023) கொடுத்து மறுபடி ஆஸ்கர் வாங்கினார். அதுவும் கையால் வரைந்த படம்தான். காலையில் பார்த்த போர்வைக் கிழவர் ஞாபகம் வந்தார். ஒரே ரயிலின் இரண்டு முனையில் இரண்டு தாத்தாக்கள். இரண்டு பேருமே வேலை 'ஈஸி' ஆகட்டும் என்று காத்திருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்து, இனோகாஷிரா பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். பார்த்து எழுத போட்டோ இல்லை. ஞாபகத்திலிருந்து டோட்டோரோவை வரைந்தேன். தொப்பை வந்தது. காது கொஞ்சம் பெரிசாகிவிட்டது. உற்றுப் பார்த்தால்... நம்ம பிள்ளையார்!

நாலைந்து வயசுப் பெண் குழந்தை ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்து யோசித்து, "டோட்டோரோ?" என்றது, சந்தேகமாக. நான் ஒரு தும்பிக்கையைச் சேர்த்துப் போட்டேன். அது சிரித்த சிரிப்பில் அதன் அம்மா ஓடி வந்து பார்த்தாள், அவளும் சிரித்தாள். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னது குழந்தை. பத்து விநாடியில் நாலு படம் வரட்டும் சார், எனக்கு இது போதும் என்று தோன்றியது.

ஆபீஸில் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் படம் துப்பிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அதோடு சண்டை போடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் பென்சிலோடு உட்காருகிறேன். அலமாரியில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில்.

"லட்ச ரூபாய் செலவு பண்ணி, பென்சில் துண்டு சேர்க்கக் கத்துக்கிட்டு வந்திருக்கார்!" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறாள் மனைவி.

இதுவரை ஆறு துண்டு சேர்ந்திருக்கிறது. எழுபது வர எனக்கு இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருக்கிறது. பாட்டில் போதாது.