பலகை யாரிடம் பேச வேண்டும்?

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் நடந்து பழகியவர்களுக்குப் பின்னாலிருந்து வரும் சைக்கிள் மணி நன்றாகவே தெரியும். சத்தம் கேட்டதும் சிலர் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், சிலர் வலப்பக்கம். வயதானவர்கள் பலர் எங்கே போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். இந்தப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது வினாடிக்கு ஏழு மீட்டர். எதிரே ஆள் இருப்பது கண்ணில் பட்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பத்து மீட்டர் போய்விடும். சைக்கிள் நிற்க, உலர்ந்த தரையில் இன்னும் எட்டு மீட்டர். மழைநாளில் அதற்கும் மேல். சாலைக்கு அடியில் ஆற்றோரமாக இறங்கி வளையும் சுரங்கப்பாதைகளில் பதினெட்டு மீட்டர் தெளிவாகத் தெரியும் இடம் எத்தனை இருக்கும்?

2019 பிப்ரவரியில் நடைபாதைகளின் வேக வரம்பு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆனது. அதே ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. இரண்டுமே தேவையான முடிவுகள்தான். ஆனாலும் வளைவுக்கு அந்தப்பக்கம் இந்த நிமிடம் யார் நடந்து வருகிறார் என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியாது. ஐம்பது வெள்ளிக்குள் வாங்கக்கூடிய சில மின்னணுப் பொருள்களால் அதைச் சொல்ல முடியும். அந்த நம்பிக்கையில்தான், வளைவில் வைக்க ஓர் எச்சரிக்கைப் பலகை செய்வதற்காக, தேக்காவுக்குப் பக்கத்திலிருக்கும் சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளில் ஏறி இறங்க ஆரம்பித்தேன்.

எச்சரிக்கைப் பலகை என்றதும் எவருக்கும் முதலில் தோன்றுவது நடப்பவரை எச்சரிப்பதுதான்: 'கவனம், சைக்கிள் வருகிறது.' எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆபத்தைக் கொண்டுவருகிறவர் வேகமாக வருகிறவர். பிரேக்கும் அவர் கையில்தான் இருக்கிறது. முழங்கால் வலியோடு நடக்கிற ஓர் அம்மாவால் சட்டென்று ஒதுங்க முடியாது. ஒதுங்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அதனால் பலகை ஓட்டுகிறவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், வளைவுக்கு இருபத்தைந்து மீட்டர் முன்பாகவே பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதன்பிறகு எந்தச் சென்சார், எந்த விளக்கு என்பதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வந்தன.

எப்போதும் மின்னிக்கொண்டிருக்கும் விளக்கை ஒரே வாரத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் கல்லாங் ஆற்றின் சிமெண்டுக் கால்வாயை இயற்கையான ஆறாக மாற்றி 2012இல் திறந்தபோது, நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கும் விளக்குகளும் சைரனும் வைத்தார்கள். தண்ணீர் ஏறாத நாள்களில் அவை இருப்பதே தெரியாது. ஒலித்தால் ஜனங்கள் கரையேறிவிடுகிறார்கள். என் பலகையும் இரண்டு விஷயங்கள் ஒன்றுசேரும்போது மட்டும் எரிய வேண்டும்: வளைவுக்குள் ஒருவர் இருக்க வேண்டும், இந்தப்பக்கம் ஒரு சைக்கிள் வர வேண்டும்.

சைக்கிளைக் கண்டுபிடிக்க எச்பி100 என்ற சின்ன டாப்ளர் ரேடார் போதும். சில வெள்ளிக்குக் கிடைக்கும். அது 10.525 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலை சற்றே மாறி வருகிறது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 19.5 ஹெர்ட்ஸ் என்பது கணக்கு. 20 கிலோமீட்டரில் வரும் சைக்கிளுக்கு 390 ஹெர்ட்ஸ், நிதானமாக நடப்பவருக்கு நூறுக்குச் சற்றுக் குறைவு. இந்த ரேடாரை வீட்டு மேசையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் நடக்கும். அறையில் ஒருவருமே இல்லாதபோதும், யாரோ ஓயாமல் நடந்துகொண்டிருப்பதாக அது சொல்லும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழலுக்குள் இருக்கும் வாயு வினாடிக்கு 100 முறை மூண்டு அடங்குகிறது. ரேடாருக்கு அது மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் போகும் ஓர் ஆள். இருநூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் எதையும் பொருட்படுத்தாதே என்று நிரலில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், குழல்விளக்கும் நடப்பவரும் ஒருசேர விலகிவிடுவார்கள். மிஞ்சுவது வேகமாக வருகிறவர் மட்டும்.

நடப்பவரைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார்தான் மலிவு, மின்சாரமும் மிகக் குறைவாகவே குடிக்கும். ஆனால் நம் ஊர் நண்பகலில் சுவரும் மனிதத் தோலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கின்றன. அந்த நேரத்தில் அது தடுமாறும். அசையாமல் நிற்கிறவரை அது பார்ப்பதே இல்லை. மூச்சு வாங்கிச் சுவரில் கைவைத்து நிற்கும் முதியவர்தான் நமக்கு முக்கியமானவர், அவரை விட்டுவிடும் சென்சாரால் என்ன பயன்? 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சிறிய ரேடார் ஒன்று ஐந்து மீட்டருக்குள் நிற்பவரின் மூச்சு அசைவைக்கூட அறிந்துகொள்ளும். மின்சாரச் செலவு பலமடங்கு அதிகம். சுரங்கப்பாதைக்குள் வெயில் வராததால் சூரியத் தகட்டை வெளியே வைத்துக் கம்பி இழுக்க வேண்டும். இந்தச் செலவை மட்டும் குறைக்கக் கூடாது என்பது என் தீர்மானமான எண்ணம்.

இரு முனைகளிலும் ஈஎஸ்பி32 சில்லு ஒவ்வொன்று. இடையில் வைஃபை ரூட்டர் இல்லாமலே அவை நேரடியாகப் பேசிக்கொள்ளும். மஞ்சள் எல்இடி வினாடிக்கு ஒருமுறைதான் மின்னும். மூன்று முறைக்கு மேல் போனால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆகாது. பெட்டிக்குக் கம்பி நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிசம்பர் மழை உள்ளே இறங்கிவிடும், பின்னாலேயே எறும்பும் வரும்.

பொதுப் பூங்காவில் அனுமதியில்லாமல் எதையும் மாட்டிவிட்டு வர முடியாது. துவாஸ் பக்கம் ஒரு தொழிற்கூட வளாகத்தில் வைக்க இடம் கொடுத்தார்கள். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் ஊழியர்கள் நடந்தும் சைக்கிளிலும் போகும் ஒரே பாதை அது. கொள்கலன்கள் அடுக்கிய முனையில் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பிறகு, பெரும்பாலும் விளக்கில்லாத சைக்கிளில், சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று மிதித்து வருகிறவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நினைத்துச் செய்த பலகையாக இது இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். வேகத்தை எண்ணாகக் காட்டுவதில்லை, சத்தம் போடுவதில்லை. தமிழர், வங்காளதேசத்தார், சீனர் எல்லாரும் போகும் பாதையாதலால் எழுத்தும் இல்லை. நடந்துபோகும் ஒருவரின் உருவம், அதைச் சுற்றி மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒருநாள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "அண்ணே, இது எரிஞ்சா உள்ள ஆள் இருக்கு. எரியலைன்னா ஆள் இல்லை, நேரா போயிடலாம். சரிதானே?"

சரியில்லை. மின்கலம் தீர்ந்தாலும் பலகை எரியாது, சென்சார் பழுதானாலும் எரியாது. இருட்டாக இருக்கும் பலகை 'வழி காலி' என்று உறுதி கொடுப்பதாக ஒருவர் எடுத்துக்கொண்டால், பலகையே இல்லாமலிருப்பதைவிட அது ஆபத்து. ரயில் சிக்னலில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: பழுது வந்தால் சிக்னல் தானாகவே 'நில்' நிலைக்குப் போய்விடும். அதன்படி நிரலை மாற்றி எழுதினேன். உள்ளே இருக்கும் சில்லு சில வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும். செய்தி நின்றால், ஆள் இருப்பதாகவே கொண்டு பலகை மின்னத் தொடங்கும். மின்கலமே தீர்ந்துபோனாலும் தெரியட்டும் என்று நடப்பவரின் உருவத்தை ஒளியை எதிரொளிக்கும் தாளில் வெட்டி ஒட்டினேன், டைனமோ விளக்கு பட்டாலும் பளிச்சென்று தெரியும்படி. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முனையில் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் மற்றவர்களுக்குத் தமிழிலும் தனக்குத் தெரிந்த வங்காளத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது வளாகத்தின் காவலாளி, லாரிகள் பின்னோக்கி வரும் வாசலுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். அங்கே கணக்கு வேறு. லாரி மணிக்கு ஐந்து கிலோமீட்டரில்தான் வரும், இருநூறு ஹெர்ட்ஸ் வரம்பு அதற்கு ஒத்துவராது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்கும் உயரத்தில் விளக்கு இருக்க வேண்டும். அளவெடுக்க அடுத்த ஞாயிறு போகிறேன்.