மனு எழுதும் நாளுக்கும் கூலி உண்டு

அரசாங்கம் கொடுக்கிற மானியத்தால் சிறு விவசாயிக்கு உண்மையில் பிரயோசனம் உண்டா என்று யாராவது கேட்டால், எத்தனை ஏக்கர், பட்டா யார் பெயரில், கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரிக்காமல் நான் வாய் திறப்பதில்லை. தாராபுரத்துக்குத் தெற்கே, மழை மறந்துபோன எங்கள் பக்கத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் காட்டைப் பார்க்க வரும் பையன்கள் இப்போது அதிகம். வந்தவுடன் செல்போனில் உழவன் செயலியைத் திறந்துகொண்டு, "எதுக்கெல்லாம் மானியம் இருக்குதுங்க பெரியப்பா?" என்கிறார்கள். எந்தப் பட்டத்தில் என்ன விதைக்கலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

மானியமே வேண்டாம், மானமே பெரிது என்று திண்ணையில் உட்கார்ந்து வீறாப்பு பேசும் என் வயசுக்காரர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்கள் கிணற்றில் ஓடும் மோட்டாருக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 22 யூனிட்டுக்கு மேல் ஆகும். வருஷத்தில் 200 நாள் ஓட்டி, யூனிட் 5 ரூபாய் என்று போட்டாலும் 22,000 ரூபாய். நாலு ஏக்கர்க்காரனுக்கு அது ஒரு போகத்தில் மிச்சமாகும் பணம். இந்த இலவச மின்சாரமும் சும்மா வந்ததல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் பலியானார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். அதன் பிறகும் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வர 1984 ஆனது. எல்லோருக்கும் என்று ஆனது 1990 வாக்கில். இன்றைக்கு பட்டனை அழுத்துகிற பையன்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இதே இலவச மின்சாரத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் போட்டு 15 குதிரைத்திறன் மோட்டார் இறக்க வசதியுள்ளவருக்கு, மேலே சொன்னதைப்போல மூன்று மடங்கு. கிணறே இல்லாத மானாவாரிக்காரனுக்கு ஒன்றுமில்லை. பெரிய மோட்டார் ஓட ஓட பக்கத்துக் காட்டுத் திறந்த கிணறு வற்றும். அந்தக் கிணற்றுக்காரனுக்கும் கரண்ட் இலவசம்தான், இறைக்கத்தான் தண்ணீர் இருக்காது.

சரி, பையன்கள் கேட்கும் மானியத்துக்கு வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ, தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்று. சொட்டுநீர் என்றால் மண், தண்ணீர் பரிசோதனையும் சேர்த்து. மணியகாரர் ஆபீஸில் இல்லை, இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை, வேளாண் அலுவலர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று நாள் கழியும். ஐந்து நாள் அலைச்சல் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் ஆண்கூலி 700 ரூபாய். பஸ், ஜெராக்ஸ் போக அதுவே 3,500. ஐந்து ஏக்கர்க்காரருக்கு அந்தச் செலவு ஏக்கருக்கு 700-தான். ஒரு ஏக்கர்க்காரனுக்கோ முழு 3,500-உம் அந்த ஒரு ஏக்கர் தலையில். காகிதக் கட்டு இரண்டு பேருக்கும் ஒரே கனம். மானியம் மட்டும் ஏக்கர் கணக்கில் வருகிறது. திட்டம் போடுகிறவர்கள் கோட்டையில் இருந்து பார்க்கும்போது கண்ணில் படாதது இதுதான். சிறியவனுக்கென்றே ஒதுக்கிய பணமும் பல நேரம் அலையத் தெம்பும் ஆளும் உள்ளவர் கைக்கே போய்ச் சேருவதற்கு வேறு பெரிய சூழ்ச்சி எதுவும் தேவையில்லை.

இந்தியாவில் விவசாயம் பண்ணுகிறவர்களில் 86 சதவீதம் பேர் ஐந்து ஏக்கருக்குக் கீழே வைத்திருப்பவர்கள். 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒருவருடைய சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அப்படியானால் ஒரு ஏக்கர்க்காரன் விதிவிலக்கல்ல, அவன்தான் நாட்டின் விவசாயி.

அதனால் நான் மானியங்களை இரண்டு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மனுப் போடாமல் தானாக வந்து சேர்வது ஒன்று. அலைந்து வாங்குவது இன்னொன்று. முன்னதை யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம். பின்னதில் ஒரே ஒரு கேள்விதான்: மானியம் இல்லாவிட்டாலும் இந்தப் பொருளை நான் வாங்குவேனா? வாங்குவேன் என்றால் அலையலாம். "பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று வாங்குவது, மீதிப் பாதியை நஷ்டப்படுவது.

சொட்டுநீரைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. இவ்வளவு கொடுக்கிற மாநிலம் அதிகம் கிடையாது. தண்ணீர் உள்ள காட்டில், முருங்கைக்கோ தென்னைக்கோ போட்டு ஒழுங்காகப் பராமரித்தால் அதைவிட நல்ல உதவி வேறில்லை. இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் இரண்டு மடங்கு நிலம் நனையும். களை குறையும். ராத்திரி கரண்ட் வந்தாலும் மடை திருப்ப டார்ச் லைட்டோடு போக வேண்டாம். ஆனால் குழாய் இலவசமாக வந்தாலும் பராமரிப்பு இலவசமாக வராது. எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் சொட்டுவானின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வரிசையில் பத்துச் செடி பச்சையாக நிற்கும், பதினோராவது காய்ந்து கிடக்கும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும், அவ்வப்போது ஆசிட் விட வேண்டும், குழாய் முனையைத் திறந்து கசடை வெளியேற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அணில் தண்ணீருக்காகக் குழாயைக் கடிக்கும். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. காட்டின் ஓரத்தில் நாலு சட்டியில் தண்ணீர் வைத்தால் பாதிச் சேதம் குறையும், செய்து பாருங்கள். ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு மறுபடி வாங்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். பராமரிப்பைப் பொருட்படுத்தாதவர்கள் வீட்டில் அந்தக் கறுப்புக் குழாய் துணி காயப்போடும் கொடியாக ஆயுள் முடிக்கிறது.

கருவிகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கணக்குக்காகச் சொல்கிறேன்: களை எடுக்கும் கருவி ஒன்று வெளிக்கடையில் ரொக்கத்துக்கு 60,000 ரூபாய். அதையே மானியத்தில் வாங்கப் போனால் கொட்டேஷன் 90,000. பாதி மானியம் கழித்து நாம் கட்டுவது 45,000. அரசாங்கக் கணக்கில் விவசாயிக்கு 45,000 கொடுத்ததாக இருக்கும். நமக்கு மிச்சமானது 15,000. நடுவில் 30,000 யாருக்கு மானியம்? எல்லா வியாபாரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மானிய விலையைக் கேட்கும் முன்னால் ரொக்க விலையை நாலு கடையில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. இரண்டு ஏக்கருக்குச் சொந்தக் கருவியே அவசியமா என்பதும் யோசிக்க வேண்டியது. வேளாண்மைப் பொறியியல் துறையில் இ-வாடகை என்று டிராக்டரும் கருவிகளும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. சீசனில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், முன்கூட்டிப் பதிந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

யூரியா மனுப் போடாமல் கிடைக்கிற மானியம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2018-க்கு முன்னால் மூட்டை 50 கிலோ இருந்தது. 2022-23-இல் உர மானியத்துக்கு மட்டும் மத்திய அரசு சுமார் இரண்டரை லட்சம் கோடி செலவழித்தது. உள்ளபடியே பெரிய உதவி. ஆனால் டி.ஏ.பி. மூட்டை 1,350 விற்கும்போது யூரியா இவ்வளவு மலிவாக இருந்தால் கை தானாக அதன் பக்கம்தான் போகும். பயிர் கருகருவென்று எழும்பும், பார்க்க ஆசையாக இருக்கும், பின்னாலேயே பூச்சி வரும், பூச்சிமருந்துக் கடையில் 2,000 ரூபாய் எழுதிவிட்டு வருவோம். மலிவாகக் கிடைத்ததன் விலையை வேறு கடையில் கட்டுகிறோம். உரம் வாங்கக் கைரேகை வைக்கும் கருவியில் என் வயசுக்காரர்களுக்கு ரேகையும் விழாது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்துபோன விரல் அது. மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

வருஷம் 6,000 ரூபாய் மூன்று தவணையாக வரும் பி.எம். கிசான் பணத்தைச் சிலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். 50 சென்ட் வைத்திருப்பவனுக்கும் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரே தொகை வருவதால், சின்னவனுக்குச் சாதகமாக இருக்கும் ஒருசில திட்டங்களில் இது ஒன்று. 2,000 ரூபாய் விதைக்கும் நேரத்தில் வந்தால் விதை, மேய்ச்சல் இல்லாத மாதத்தில் வந்தால் மாட்டுத்தீவனம். 2019-இல் வந்த 6,000 இன்னும் அப்படியே நிற்பதுதான் குறை. உழவு கூலி அப்படியே நிற்கவில்லை. இன்னொரு பெரிய குறை, பட்டா இருந்தால்தான் பணம். குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவர் விவசாயிக் கணக்கிலேயே வருவதில்லை. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் விலைக்கு வாங்கியவருக்கும் இல்லை, வாரிசாக வந்தால் உண்டு. எங்கள் ஊரில் ஒரு அம்மா, கணவர் இறந்து பல வருஷமாக ஒண்டியாக ஒன்றரை ஏக்கரில் வெங்காயம் போடுகிறார். பட்டா இன்னும் மாமனார் பெயரில். கட்டுக் கட்டாக மனு எழுதினாலும் அவருக்கு எந்தத் திட்டமும் திறக்காது. தினமும் காட்டில் நிற்பவர் ஒருவர், காகிதத்தில் விவசாயி இன்னொருவர்.

கடன் விஷயத்தில் ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனை கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, சில நாளில் மறுபடி எடுத்து அந்தக் கைமாற்றை அடைப்பது ஊரறிந்த வழக்கம்; அதிலும் லாபம்தான். 2006-இலும் 2016-இலும் 2021-இலும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆனது. அடுத்த தேர்தலில் தள்ளுபடி வரும் என்று கட்டாமல் காத்திருக்கச் சொல்பவர்கள் டீக்கடைக்கு நாலு பேர் உண்டு. தள்ளுபடி வராத வருஷத்தில் அவர்கள் உங்கள் வட்டியைக் கட்ட வரமாட்டார்கள். சங்கத்தில் கடன் கிடைக்காமல் கமிஷன் மண்டியிலும் அடகுக்கடையில் நகையை வைத்தும் வாங்கியவனுக்கு எந்த ஆட்சியிலும் தள்ளுபடி வந்ததில்லை.

எல்லாவற்றையும் கூட்டினாலும் விலை ஒன்றுக்கு இவை ஈடாகாது. எங்கள் சின்ன வெங்காயம் கிலோ 20-க்கும் போகும், 100-க்கும் போகும். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. பெரிய வெங்காயத்தின் விலையை மனதில் வைத்துப் போட்ட தடையில் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. வெங்காயப் பட்டறை கட்ட ஒரு கை மானியம் கொடுக்கிறது, பட்டறையில் இருப்பதை விற்க முடியாமல் இன்னொரு கை கதவைச் சாத்தியது. இதைவிட, 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை எத்தனையோ மேல். கமிஷன் கிடையாது, கடை வாடகை கிடையாது. கீரை, கத்தரி, வெங்காயம் என்று அன்றாடம் இரண்டு மூட்டை கொண்டுபோகிறவருக்கு அன்றைக்கே ரொக்கம். விவசாயிக்குப் பணம் கொடுப்பதைவிட, அவன் பொருளுக்கு வாசல் திறந்து வைப்பது சிறந்த மானியம் என்பது என் அபிப்பிராயம்.

போன மாதம் ஒரு பையன் பவர் டில்லர் மானியத்துக்கு வழி கேட்டு வந்தான். நிலம் இரண்டே முக்கால் ஏக்கர், பட்டா தாத்தா பெயரில், அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல். டில்லர் இருக்கட்டும், முதலில் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு எழுது என்றேன். அந்த அலைச்சல் ஒன்றுதான் முழுக்கூலியும் திரும்பக் கிடைக்கிற அலைச்சல். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: திண்டுக்கல்லில் ஒருவர், காங்கேயத்தில் ஒருவர் என்று அவனுக்கு இரண்டு அத்தைமார். அந்த நிலத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. விடுதலைப் பத்திரம் என்று காகிதத்தை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கிவராமல், உட்கார்ந்து பேசி, அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று தீர்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.